பீப்பாய்: ஒரு சொல்லோட வழி, டோரோ திராட்சைத் தோட்டம் வரைக்கும்

கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை டாலர்னு தினமும் நியூஸ்ல வாசிக்கிறாங்க. எங்க ஊர்ல ரோடு போட ஆள் வந்தா ஓரமா வரிசையா நிக்கிறது தார் பீப்பா. அவ்ளோ பழகின சொல்லு, கேட்டா அசல் தமிழ் மாதிரியே இருக்கு, ஆனா இது போர்ச்சுகீஸ்காரங்க கப்பல்ல வந்து இறங்குனது. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் எந்த வழியா வந்துச்சோ அதே வழி. அவங்க ஊர்ல இதுக்குப் பேரு பிப்பா. போர்ச்சுகல்ல வடக்க டோரோ ஆத்துப் பக்கம் போனா இன்னைக்கும் திராட்சை விவசாயி தன் தோட்டத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு கேட்டா இத்தனை பிப்பான்னுதான் சொல்லுவார்.

மொதல்ல தமிழ்ல என்ன பொருள்னு பாத்துடுவோம். மரச்சட்டங்கள வட்டமா நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, ரெண்டு முனையிலயும் மூடி வச்ச, நடுவயிறு பெருத்த கொள்கலன், அதான் பீப்பாய். தகரத்துல செஞ்சதும் பிளாஸ்டிக்ல செஞ்சதும் அப்புறமா அதே பேர வாங்கிக்கிச்சு, இப்ப அதையும் ட்ரம்முன்னு சொல்ற பழக்கம் வந்துருச்சு. பேச்சுல பீப்பா, எழுத்துல பீப்பாய், ரெண்டும் சரிதான்.

பிப்பா எப்படி பீப்பா ஆச்சு? போர்ச்சுகீஸ்ல மொத எழுத்த அழுத்திச் சொல்லுவாங்க, நம்ம காதுக்கு அது நெடிலாத்தான் விழும். அடுத்து, தமிழ்ல சொல்லுக்கு நடுவுல ஒத்தை ப வந்தா கோபம், லாபம்னு மெலிஞ்சு போயிடும், அழுத்தமா நிக்கணும்னா இரட்டிச்சே ஆகணும், அதனால ப்ப வந்துச்சு. கோப்பையும் இதே கதைதான், அதுவும் போர்ச்சுகீஸ் சொல்லு, அங்க கோப்போ. கடைசியில ஒட்டிக்கிட்ட ய், தாய், பாய், நோய்னு முடியிற சொல்லுங்கள்ல பழகின நாக்கு சேத்துக்கிட்டதுன்னுதான் எனக்குத் தோணுது.

போர்ச்சுகீசுக்கும் முன்னாடி லத்தீன். அங்க பிபாரேன்னா குருவி கீச்சுன்னு கத்துறது. அந்தச் சத்தம் வர்ற ஊதுகுழலுக்கு பிப்பான்னு பேரு வந்துச்சு, அப்புறம் குழல் மாதிரி இருக்குற குழாய்க்கு, அப்புறம் நீளவாக்குல உருண்டையா இருக்குற மரக்கலனுக்கு. இங்கிலீஷ்ல இருந்து நாம எடுத்துக்கிட்ட பைப்பும் இதே வேர்தான், அதனால வீட்டுத் தண்ணி பைப்பும் தார் பீப்பாயும் தூரத்துச் சொந்தம். இங்கிலீஷ்ல ஒயின் பீப்பாயையும் பைப்னே சொல்லுவாங்க, மொழிபெயர்க்கிறவங்க இத கவனிக்கலன்னா ஐம்பது குழாய் ஒயின் அனுப்பினாங்கன்னு எழுதி வச்சிடுவாங்க.

இந்தச் சொல்லு தமிழ்ல மட்டும் ஒட்டல. மலையாளத்துல வீப்ப, தெலுங்குலயும் ஹிந்தியிலயும் பீபா, சிங்களத்துல பீப்பய. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததுல இருந்து அவங்க கப்பல் வந்துக்கிட்டே இருந்துச்சு, மாசக்கணக்கான பயணம், குடிதண்ணி, ஒயின், எண்ணெய், உப்புக்கண்டம் எதுவா இருந்தாலும் மரக்கலன்லதான் வரும். துறைமுகத்துல சரக்க இறக்குற கைக்கு மொதல்ல தட்டுப்பட்டது அந்தக் கலன், காதுல விழுந்தது அந்தப் பேரு.

இனி டோரோவுக்குப் போவோம், இந்தச் சொல்லு முழு பலத்தோட இருக்குறது அங்கதான். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மலை, மலை பூரா படி படியா வெட்டி, மண்ணே பூசாம கல்லு மேல கல்லு அடுக்கி சுவர் கட்டி, அந்த ஒவ்வொரு படியிலயும் திராட்சைக்கொடி. மண்ணுன்னு சொல்றதே தப்பு, தகடு தகடா உடையுற கல்லுதான், அந்த இடுக்குல வேர் பல மீட்டர் ஆழம் இறங்கித்தான் தண்ணி தேடும். ஒம்போது மாசம் குளிர்காலம், மூணு மாசம் நரகம்னு அந்த ஊர்லயே ஒரு சொலவடை உண்டு. 1756லயே போர்ச்சுகல் அரசாங்கத்த நடத்துன அமைச்சர் போம்பால் பிரபு, போர்ட்னு சொல்ற இந்த ஊர் இனிப்பு ஒயின் எங்க விளைஞ்சதோ அதுதான் எல்லைன்னு வரையறுத்து, அப்புறம் கிரானைட் கல்லு நட்டு அடையாளம் வச்சாரு, உலகத்துலயே ரொம்பப் பழைய ஒயின் எல்லைகள்ல ஒண்ணு அது. 2001ல யுனெஸ்கோ அந்த மலைச்சரிவ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு.

இங்க பிப்பாங்கிறது பாத்திரத்தோட பேரு மட்டும் இல்ல, அளவு. 1 பிப்பான்னா 550 லிட்டர். போர்ட் ஒயினுக்கு அந்தக் கணக்கு எப்படி வருதுன்னா, புளிச்சுக்கிட்டு இருக்குற திராட்சைச் சாறு 440 லிட்டர், அதுல ஊத்துற திராட்சைச் சாராயம் 110 லிட்டர். சாராயம் விழுந்ததும் புளிக்கிறது நின்னு போயிடும், மிச்சமிருக்குற சர்க்கரை அப்படியே தங்கிடும், போர்ட் ஒயின் இனிப்பா இருக்குறதுக்கு இதான் காரணம். தோட்டத்துக்காரர் மனக்கணக்கு இன்னும் நேரடியானது, 750 கிலோ திராட்சை பறிச்சா 1 பிப்பா. 1 ஹெக்டேர்ல உச்சவரம்பு 55 ஹெக்டோலிட்டர், அதாவது 5,500 லிட்டர், சரியா 10 பிப்பா. வயசான கொடிங்க அந்த அளவ எட்டவே எட்டாது.

அதுல இன்னொரு சிக்கல் இருக்கு. விளைஞ்சது எல்லாத்தையும் போர்ட் ஒயினா மாத்த அனுமதி கிடையாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மார்க் போட்டு வச்சிருக்காங்க, எந்த உயரத்துல இருக்கு, சரிவு எவ்வளவு, எந்தத் திசைய பாத்திருக்கு, என்ன கல்லு, கொடிக்கு என்ன வயசு, விளைச்சல் எவ்வளவுன்னு எல்லாத்துக்கும் தனித்தனி மார்க், கூட்டிப் பாத்து 1200க்கு மேல வந்தா அது ஏ தரம். கம்மியா காய்ச்சா மார்க் கூடும்ங்கிறது நம்ம ஊர் விவசாயிக்கு விநோதமா இருக்கும், ஆனா கம்மியா காய்க்கிற கொடியில சாறு அடர்த்தி. ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு முன்னாடி போர்ட் ஒயின் மொத்தம் இத்தனை பிப்பான்னு அறிவிச்சு, இந்த மார்க்க வச்சு தோட்டத்துக்குத் தோட்டம் பங்கு பிரிச்சுக் குடுப்பாங்க. 2023ல மொத்தம் 1,04,000 பிப்பா, 2024ல 90,000. அந்த 14,000 பிப்பா குறைஞ்சதுல எத்தனையோ சின்னக் குடும்பங்களோட வருஷ வருமானம் இருக்கு, ஏன்னா போர்ட்டுக்குப் போற திராட்சைக்கு விலை ஒண்ணு, மத்த ஒயினுக்குப் போற அதே திராட்சைக்கு விலை வேற, ரொம்பக் கம்மி. பிப்பாங்கிற சொல்ல அங்க ஒரு விவசாயி சொல்றப்ப அதுக்குள்ள இவ்வளவும் இருக்கு.

செப்டம்பர்ல பறிப்பு. கூடைய முதுகுல தாங்கி, அதோட பட்டைய நெத்தியில மாட்டிக்கிட்டு ஆளுங்க வரிசையா மலை இறங்கி வந்த காலம் உண்டு. பறிச்சத லகார்னு சொல்ற, இடுப்பு உசரத்துக்குள்ள இருக்குற அகலமான கல்லுத் தொட்டியில கொட்டுவாங்க, ராத்திரி அதுல இறங்கி மிதிப்பாங்க. மொத ரெண்டு மணி நேரம் விளையாட்டே கிடையாது, தோளோட தோள் கோத்து வரிசையா நின்னு, ஒருத்தர் இடது வலதுன்னு குரல் குடுக்க, எல்லாரும் ஒரே நேரத்துல கால மாத்தி மாத்தி மெதுவா முன்னேறணும். அது முடிஞ்சதும் விடுதலைன்னு சத்தம் போடுவாங்க, நெசமாவே அந்தக் கட்டத்துக்கு அவங்க மொழியில விடுதலைன்னுதான் பேரு, அக்கார்டியன் வாசிப்பு ஆரம்பிக்கும், தொட்டிக்குள்ளயே ஆட்டம். மனுஷக் கால்ல ஏன் மிதிக்கணும்னா, தோல் நல்லா கசங்கி நிறம் இறங்கும், ஆனா கொட்டை உடையாது, உடைஞ்சா கசப்பு ஏறிடும்.

அந்தச் சாறு ஒயினானதும் பிப்பாவுல ஏறி, ரபேலோங்கிற தட்டையான அடிப்பாகம் வச்ச படகுல ஆத்தோட போய், போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில கையாவுல இருக்குற கிடங்குகள்ல இறங்கும். பின்னாடி ரயில் வந்துச்சு, அப்புறம் அணை கட்டுனாங்க, படகுப் போக்குவரத்து நின்னு போச்சு.

பீப்பாய் செய்யிறத கொஞ்சம் கிட்டப் போய் பாத்தாத்தான் இதுக்குத் தமிழ்ச் சொல்லு தேடுறதுல இருக்குற கஷ்டம் புரியும். ஒவ்வொரு சட்டமும் நடுவுல அகலம், ரெண்டு நுனியிலயும் குறுகல். ஒரு வளையத்துக்குள்ள எல்லாத்தையும் நிறுத்தினா கீழ்ப்பக்கம் பாவாடை மாதிரி விரிஞ்சு நிக்கும். உள்ள சின்னதா தீ மூட்டி, வெளியில தண்ணி தடவி, மரம் இளகுனதும் கம்பிக்கயித்த சுத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவாங்க, விரிஞ்சது மெல்ல மூடிக்கிட்டு வரும், வயிறு விழும். சட்டத்த இணைக்க ஆணியோ பசையோ கிடையாது, உள்ள ஊத்துன ஒயின குடிச்சு மரம் ஊதி தானா அடைச்சுக்கும். காலியா காய விட்டா ஒழுகும். அந்த வயிறு அழகுக்கும் இல்ல, படுக்க வச்சா வயித்துல ஒரு சின்ன இடம் மட்டும்தான் தரையில படும், அதனால 600 கிலோவுக்கு மேல இருக்குற நிறைபீப்பாய ஒரு ஆளே உருட்டித் திருப்பிடலாம்.

இப்போ டோரோ பத்தி எழுதுறவங்க இந்தக் கலனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? பெரிய கொள்கலனுக்கு நம்மகிட்ட சொல்லுக்குப் பஞ்சமே இல்ல, தாழி, சாடி, மிடா, குதிர், ஆனா பெரும்பாலும் மண்ணுல செஞ்சது. அரிக்கமேட்டுல தோண்டி எடுத்த ரோமானிய ஒயின் சாடிகளும் சுட்ட மண்ணுதான். சட்டம் வளைச்சு செய்யிற மரக்கலன் இங்க பழக்கத்துல இல்ல, அதனாலதான் பொருளோட பேரும் சேந்தே வந்துச்சு. மரக்கலம்னு சொல்லலாமான்னு சிலர் கேக்கலாம், கூடாது, அதுக்குத் தமிழ்ல கப்பல்னு பொருள் எப்பவோ ஆயிருச்சு.

எனக்குப் பிடிச்சது மிடா. பெரிய பானைங்கிறது அதோட பொருள், வழக்கு ஒழிஞ்ச சொல்லுன்னு நினைக்க வேணாம், மொடாக்குடியன்னு இன்னைக்கும் திட்டுறோமே, அந்த மொடா இந்த மிடாதான், பானை பானையா குடிக்கிறவன். மரம்ங்கிறத முன்னாடி சேத்து மரமிடான்னு எழுதினா கலன் எதுன்னு குழப்பம் வராது, சொல்லவும் சுலபமா இருக்கு. ஆனா இது கலனுக்கு மட்டும்தான் ஒத்து வரும். அளவ சொல்ற இடத்துல பிப்பாவ பிப்பான்னே எழுதி, பக்கத்துல 550 லிட்டர்னு போட்டுடுங்க, அங்க பீப்பாய்னு எழுதினா படிக்கிறவங்க எண்ணெய்ப் பீப்பாய நினைச்சு 159 லிட்டர்னு கணக்குப் போடுவாங்க, அந்த விவசாயியோட விளைச்சல்ல முக்கால்வாசி காணாம போயிடும்.