வயிற்றோட்டக் குளிசையும் ஹலோபெரிடோலும் சொந்தக்காரர்கள்

எங்கள் பாமசியில் வயிற்றோட்டத்துக்கு லோபெரமைட் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. சத்திக்கு டொம்பெரிடோன் வாங்கவும் யாருக்கும் கூச்சமில்லை. மனநோய்க்கான ஹலோபெரிடோல் எழுதிய துண்டு மட்டும் நாலாக மடிபட்டு, பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து வரும். ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் பாமசிகள் இருக்க, தெரிந்த முகம் கண்டுவிடும் என்று மட்டக்களப்பு டவுன்வரை பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு.

இந்த மூன்றும் ஒரே ஆய்வுகூடத்தில் பிறந்தவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த போல் ஜான்சன் (1926–2003) வைத்தியம் படித்தவர், ஆனால் மனம் முழுக்க இரசாயனத்தில். 1953இல் தகப்பனின் மருந்துக் கம்பனிக் கட்டடத்திலேயே தனக்கென்று ஓர் ஆய்வுகூடம் தொடங்கினார். பெத்திடின் என்ற வலிமருந்தின் மூலக்கூறை எடுத்து, அதில் அங்கொன்றும் இங்கொன்றும் மாற்றி, இன்னும் பலமான வலிமருந்து தேடுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. அப்படி மாற்றிய ஒன்றைக் கொடுத்தபோது எலிகள் முதலில் மோர்பின் ஏற்றியவை போல அமர்க்களப்பட்டன. கொஞ்ச நேரத்தில் அப்படியே அடங்கிப்போயின. அடங்கிய விதம், அப்போது மனநோய்க்கு வந்திருந்த குளோர்புரோமசினைப் போலவே இருந்தது. வேறொருவர் என்றால் 'வலிக்குச் சரிவராது' என்று ஒதுக்கியிருக்கக்கூடும். ஜான்சனின் குழு அந்த அடங்கலைப் பிடித்துக்கொண்டு போனது; 1958 பெப்ரவரியில் ஹலோபெரிடோல் பிறந்தது. லோபெரமைட் 1969இல், டொம்பெரிடோன் 1974இல். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கொடுக்கிற பெண்டனில் என்ற வலிமருந்தும் அவருடையதுதான். நாலின் மூலக்கூறிலும் ஐந்து காபனும் ஒரு நைதரசனும் சேர்ந்த அதே வளையம் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு ஏன் ஒன்று மூளைக்கும் மற்றது வயிற்றுக்கும் போகிறது? இரத்தத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் மூளையின் வாசற்காவல் உள்ளே விடாது. லோபெரமைட் மோர்பின் வழி மருந்துதான், ஆனால் எட்டிப் பார்த்தாலே காவற்காரன் வெளியே தள்ளிவிடுகிறான். அதனால் குடலை மட்டும் மெதுவாக்குகிறது. (அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் இதயத் துடிப்பையே குழப்பும். சின்னப் பிள்ளைகளுக்கும், இரத்தம் கலந்த வயிற்றோட்டத்துக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே உயிர் காப்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிதான்.) ஹலோபெரிடோலும் டொம்பெரிடோனும் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. சத்தியைத் தூண்டும் இடம் அந்தக் காவலுக்கு வெளியே இருப்பதால், டொம்பெரிடோன் பெரும்பாலும் உள்ளே போகாமலே காரியத்தை முடிக்கிறது. ஹலோபெரிடோல் உள்ளே போகவேண்டிய மருந்து. சந்தேகங்களையும் காதில் கேட்கும் குரல்களையும் அது தணிப்பது அங்கேதான்.

உள்ளே போனால் உடம்பின் அசைவுகளை நடத்தும் டோபமினும் தடைபடும். சிக்கல் இங்கேதான். மருந்து தொடங்கி ஓரிரு நாளில் ஓர் இளைஞனுக்குக் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், தாடை பூட்டும், கண்கள் மேலே செருகி நிற்கும். பார்க்கிற தாய்க்குக் குலை நடுங்கும். எங்கள் பக்கத்தில் உடனே வாயில் வருவது செய்வினை, பேய். நூல் கட்டவும் தண்ணீர் ஓதவும் ஓடுவார்கள். உண்மையில் ஆஸ்பத்திரியில் சரியான ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் கழுத்து நேராகிவிடும். பென்செக்சோல் குளிசையை வைத்தியர் சேர்த்து எழுதுவதும் இந்த இறுக்கத்துக்காகத்தான். 'அது வேறு நோய்க்கு' என்று அதை மட்டும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஹலோபெரிடோலை வைத்துக்கொண்டு பென்செக்சோலை விட்டால் இறுக்கம் திரும்பி வரும்.

சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டும் டோபமினைத் தடுப்பதுதான், அதுவும் மூளைக்குள் போகும். அது ஜான்சனுடையதல்ல, ஆனால் இதே கழுத்து முறுக்கலை, அதிலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும், கொண்டுவரக்கூடியது. அதனால் போன மாதம் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சத்திக் குளிசையில் மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

இறுக்கம், கைநடுக்கம், ஒரு இடத்தில் இருக்க முடியாத தவிப்பு எது வந்தாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், ரிஸ்பெரிடோன் இருக்கிறது. அதுவும் ஜான்சனின் கம்பனியில் வந்ததுதான். வீட்டில் பார்க்கின்சன் (டோபமின் குறைந்து கைகால் நடுங்கி இறுகும் நோய்) உள்ள பெரியவர் இருந்தால், சத்தி மருந்து வாங்கும்போது அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுத்தால், ஏற்கெனவே நடக்கச் சிரமப்படுகிறவர் படுக்கையிலேயே விழுந்துவிடலாம்.