தாவீது ஏன் சவுலோடு திரும்பிப் போகவில்லை?

வக்கீலான என்னிடம் வந்த ஒரு பெண், பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். ஜிப் வைத்த கறுப்பு உறை, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. ஜிப்பைத் திறந்து, அட்டைக்கும் உறைக்கும் நடுவே விரலை விட்டு, நான்காக மடித்த இரண்டு ஓ.பி. சீட்டுகளை உருவினாள். ஒன்றில் 'வலது முன்கை வீக்கம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். பக்கத்திலேயே, 'வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்'.

"நான்தான் அப்படிச் சொன்னேன் அக்கா. வீட்டுக்காரரும் கூடவே நின்னார்."

இதை ஏன் பைபிளுக்குள் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "பீரோ, பேக், போன் எல்லாத்தையும் பார்ப்பார். இதை மட்டும் தொட மாட்டார். அவருக்குத் தனி பைபிள் உண்டு."

கணவர் சபைக் கமிட்டியில் இருந்தவர். ஞாயிறு காலையில் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்து ஸ்தோத்திரம் சொல்கிறவர். என்னிடம் வருமுன் அவள் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். மாமியார், "ஆம்பிளைன்னா கை நீளத்தான் செய்யும்" என்றார். ஜெபக்குழு அக்கா, "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்" என்றார். பெரியவர் ஒருவர் மல்கியா புத்தகத்தைத் திறந்து, 'தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்' என்ற வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்.

22 வருடமாக இந்த மாவட்டத்துக் கோர்ட்டுகளில் வக்கீலாக இருக்கிறேன். (இங்கே நான் குறிப்பிடுகிறவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்து மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கிறிஸ்தவர்கள். அதனால் என் மேஜைக்கு வரும் குடும்ப வழக்குகளில் பாதிக்குக் கூடவே ஒரு வசனமும் வரும். பெரும்பாலும் அது பாதி வசனமாகத்தான் இருக்கும். அந்தப் பெரியவர் காட்டிய மல்கியா 2:16-ஐ அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து முழுசாக வாசித்தோம். அதே வசனத்தில் அடுத்த வரி, 'கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனை'ப் பற்றியது. அவள் அந்த வரியை மறுபடி ஒருமுறை மெதுவாக வாசித்தாள். யாரும் இதுவரை அவளுக்கு அதைக் காட்டியிருக்கவில்லை.

மன்னிப்பு விஷயமும் அப்படித்தான். 'ஏழெழுபது தரம்' வருவது மத்தேயு 18-ல், 22-ஆம் வசனம். அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில் சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இருக்கிறது. 15-லிருந்து 17 வரை, தப்பு செய்தவனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல், சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவனை அஞ்ஞானியைப் போல வை என்று வழிமுறையே இருக்கிறது. இதையெல்லாம் சொன்ன பிறகுதான் இயேசு மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். நம் சபைகளில் 22-ஐ மட்டும் எடுத்து அடிபட்டவளின் கையில் கொடுக்கிறோம். முந்தின வசனங்களை அடித்தவனிடம் வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

சரி, ஒருவன் தவறியவனா, துன்மார்க்கனா என்று எப்படிக் கண்டுகொள்வது? எல்லாரும் பாவிகள்தானே என்று இதை மழுப்பிவிடுவார்கள். வேதம் மழுப்பவில்லை. இயேசுவின் சீடன் பேதுரு பயத்தில் அவரை மறுதலித்தான், சேவல் கூவியதும் வெளியே போய் அழுதான். அது ஒரு ரகம். மீகா 2:1 இன்னொரு ரகத்தைச் சொல்கிறது: படுக்கையின்மேல் அக்கிரமத்தை யோசித்து, பொழுது விடிந்ததும் அதைச் செய்து முடிக்கிறவர்கள். அந்த யோசனைதான் வித்தியாசம். கோபத்தில் கை ஓங்குகிறவன், தன் மேலதிகாரிமேல் ஓங்குவதில்லை. காயம் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறான். டாக்டர் முன்னால் கூடவே நிற்கிறான். இதில் கோபம் எங்கே இருக்கிறது? கணக்குத்தான் இருக்கிறது.

இன்னொரு அடையாளம், அது பக்தியைப் போர்த்திக்கொண்டு வரும். 1 இராஜாக்கள் 21-ல் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேல் என்ன செய்தாள்? ராஜாவின் பேரால் கடிதம், ராஜாவின் முத்திரை, ஊரில் உபவாசம் என்று அறிவிப்பு, இரண்டு சாட்சிகள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. உபவாசக் கூட்டத்தில் உட்கார வைத்துத்தான் அவனைக் கொலைக்குக் கொடுத்தார்கள். இங்கே தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடக்கும் வழக்குகளில், வயதான தாயிடம் ஜெபம் பண்ணிவிட்டு, கையோடு எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வாங்கியதை நான் கண்டிருக்கிறேன். 'அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்' என்று இயேசு சொன்னது இதனால்தான். கனி காய்க்கக் காலம் எடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தை வைத்து யாரையும் அறிய முடியாது.

இதில் அவசரமும் கூடாது. 'தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்' என்கிறது நீதிமொழிகள் 18:17. மறுபக்கத்தைக் கேட்டபின் கட்டை அவிழ்த்து மூடி வைத்த வழக்குகளும் எனக்கு உண்டு. அதனால்தான் எந்தக் கட்சிக்காரரிடமும் முதலில் தேதியும் காகிதமும் கேட்கிறேன்.

இப்போது தாவீதுக்கு வருகிறேன். மன்னிப்பைப் பற்றி என்னிடம் கேட்கிற பெண்களுக்கெல்லாம் நான் வாசிக்கச் சொல்வது 1 சாமுவேல் 18 முதல் 27 வரை.

இஸ்ரவேலின் ராஜா சவுல், தன்னிடம் சேவிக்கிற தாவீதின்மேல் ஈட்டியை எறிகிறான். தாவீது விலகித் தப்புகிறான். சவுலின் மகன் யோனத்தான் நடுவே பேசுகிறான். சவுல் கர்த்தருடைய பேரில் ஆணையிட்டு, இனி அவனைக் கொல்வதில்லை என்கிறான். தாவீது நம்பி வீட்டுக்கு வருகிறான், முன்போலவே சுரமண்டலம் வாசிக்கிறான். 19-ஆம் அதிகாரத்திலேயே, ஒரே பக்கத்தில், மறுபடியும் ஈட்டி. இந்தமுறை அது சுவரில் பாய்கிறது. தாவீது அன்று இரவே ஓடிப்போகிறான். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று அடுத்த ஈட்டிக்காக அங்கேயே அவன் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படி ஓடியதை வேதம் ஓரிடத்திலும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

பிறகு என்கேதி குகையில் சவுல் அவன் கையில் சிக்குகிறான். தாவீது சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான். சவுல் சத்தமிட்டு அழுகிறான். 'நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்' என்கிறான். 26-ஆம் அதிகாரத்தில் அதே கதை மறுபடி நடக்கிறது. தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, நடுவே நல்ல தூரம் விட்டு, எதிர் மலையின் உச்சியில் நின்றுதான் தாவீது கூப்பிடுகிறான். சவுல் சொல்கிறான்: நான் பாவம் செய்தேன், திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்ய மாட்டேன்.

தாவீது என்ன பதில் சொன்னான்? வருகிறேன் என்று சொல்லவில்லை. இதோ ராஜாவின் ஈட்டி, வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறான். அவன் தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான். இரண்டு முறை கையில் கிடைத்தும் சவுலைக் கொல்லாமல் விட்டவனிடம் மன்னிப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஈட்டி எட்டும் தூரத்துக்கு அவன் மறுபடி போகவே இல்லை.

அழுகையை மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொள்வதுதான் நம் குடும்பங்களில் நடக்கும் பெரிய தவறு. அடித்த மறுநாள் அழுவார்கள், காலில் விழுவார்கள், பிள்ளைக்குச் சத்தியம் பண்ணுவார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்றுகூட நான் சொல்லமாட்டேன். சவுலின் கண்ணீரும் அந்த நேரத்துக்கு உண்மையாக இருந்திருக்கலாம். லூக்கா 19-ல் வரி வசூலிக்கிற சகேயு அழுததாக எழுதியிருக்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எல்லார் முன்பாகவும் நின்று சொன்னான். செய்ததைப் பேர் சொல்லி ஒத்துக்கொண்டு, நஷ்டத்தைக் கட்டி, இனி கேள்வி கேட்க மற்றவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறவனைத்தான் திருந்துகிறவன் என்று நான் எண்ணிப் பார்ப்பேன்.

'கிறிஸ்தவன் கோர்ட்டுக்குப் போகலாமா' என்ற கேள்விக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். அங்கே பவுல் பேசுவது 'அற்ப வழக்குகளை'ப் பற்றி. அதே பவுல் தன் உயிருக்கு ஆபத்து வந்தபோது, 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று ரோமச் சக்கரவர்த்தியிடம் மேல்முறையீடு செய்தான். மறுகன்னம் காட்டச் சொன்ன இயேசுவே, பிரதான ஆசாரியன் முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். நம் ஊருக்கும் இதில் சரித்திரம் உண்டு. மார்பை மறைக்கும் உரிமைக்காக நம் பூட்டிகள் அடிபட்டார்கள், அவர்களோடு நின்ற மிஷனரிகள் மனுமேல் மனு எழுதினார்கள். 1859-ல் திருவிதாங்கூர் ராஜாவின் அறிவிப்பு அப்படித்தான் வந்தது. வாயை மூடி ஜெபம் மட்டும் பண்ணியிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. 2 சாமுவேல் 13-ல் தாவீதின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுத்தபின், அவளுடைய அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன், மௌனமாயிரு என்றான். தகப்பன் தாவீது கோபப்பட்டான், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. அந்த வீடு பிறகு கொலையிலும் கலகத்திலும் போய் நின்றது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு யாராவது பாலியல் தீங்கு செய்ததாகத் தெரிந்தால், போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-ன்படி போலீசில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் 1 வருடம் வரை. கமிட்டி கூட்டிப் பேசி முடிக்கும் அதிகாரம் சபைக்கும் இல்லை, பள்ளிக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

அடிபடுகிற பெண்களுக்கு: 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனு போட்டால் திருமணம் முறிந்துவிடாது. விவாகரத்துக்குப் பயந்துதான் பலர் வருவதில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீட்டிலிருந்து உங்களை இறக்கிவிடக் கூடாதென்றும், தேவைப்பட்டால் அவரே வெளியேற வேண்டுமென்றும் உத்தரவு வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் நேரே சொல்லலாம், பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. அப்புறம், டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 'வழுக்கி விழுந்தது' என்ற அந்த ஒரு வரியை விளக்க எனக்குப் பல வாய்தா ஆனது.

அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் ஒருநாள் ஆபீசுக்கு வந்தார்கள். "ஒரு ராத்திரி போதும் மேடம், காலை ஒடிச்சுப் போட்டுடுவோம்." நான் 1 சாமுவேல் 25-ஐச் சொன்னேன். தன் ஆட்களை அவமதித்த நாபாலை வெட்ட 400 பேரோடு புறப்பட்ட தாவீதை வழிமறித்தது நாபாலின் மனைவி அபிகாயில். தன் புருஷன் எப்படிப்பட்டவன் என்பதை அவள் மறைக்கவில்லை, பேர் சொல்லியே சொன்னாள். தாவீதின் கையில் இரத்தப்பழி ஏறவும் விடவில்லை. 'நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு' என்று ரோமர் 12 முடிகிறது. அடுத்த அதிகாரமே, அதிகாரி பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று சொல்கிறது. பழிவாங்கும் ஆசையை விட்டுவிட்டுச் சட்டத்தின் கையில் கொடுக்க அங்கே வழி இருக்கிறது. நீங்கள் கை வைத்தால் உங்கள் தங்கைதான் முதலில் தோற்பாள் என்றேன். மூத்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சாட்சி சொல்ல என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

உத்தரவு கிடைத்தது. வீடு அவளுடைய அப்பா கொடுத்த 5 சென்டில் கட்டியது, கணவர் வெளியேறினார். இரண்டு வாரம் கழித்து என் மூலமாகத் தகவல் அனுப்பினார்: பேன்ட் சட்டை, பேங்க் பாஸ்புக், பைக்கின் ஆர்.சி. புக் எல்லாம் வேண்டும், அவளே கொண்டுவந்து கையில் தரட்டும், இரண்டு வார்த்தை பேசவேண்டும், மனம் மாறிவிட்டது.

அவளிடம் சொன்னேன். முடிவு உன்னுடையது மக்களே என்றேன்.

துணிகளைத் தேய்த்து மடித்து ஒரு கட்டைப் பையில் வைத்தாள். அவருடைய பைபிளையும் ஓரத்தில் செருகினாள். பையைச் சின்ன அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவர பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.