ஷாக் ஒரு செகண்டு, மாத்திரை ஏழு வாரம்

போன மாசம் ஒருநாள் காலையில ஏழரை மணிக்கு, தாறுமாறா ஓடற இருதயத் துடிப்ப கரண்ட் ஷாக் குடுத்து சரி பண்ணிக்க ஒரு அங்கிள் வந்தாரு, எழுபது வயசு இருக்கும், ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, கூட ஆண்ட்டி. ஈசிஜி எடுத்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, கையில ஊசியும் போட்டாச்சு. எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விய அவருகிட்டயும் கேட்டேன், "அங்கிள், ரத்தம் உறையாம இருக்கறதுக்கு குடுத்த மாத்திரைய இந்த மூணு வாரத்துல ஒரு வேளையாச்சும் விட்டுட்டீங்களா?" இல்லன்னு தலையாட்டினாரு. ஆண்ட்டி அவரு முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் மெதுவா, "ஜோகூர்ல கல்யாணத்துக்குப் போனப்ப டப்பாவ வீட்லயே வச்சிட்டுப் போயிட்டோமே, ரெண்டு நாளு"ன்னாங்க. "அத எதுக்கு இப்ப சொல்ற"ன்னு அங்கிளுக்கு கோவம்.

அன்னைக்கு ஷாக் குடுக்கல, டாக்டர் தேதிய தள்ளி வச்சிட்டாரு. அங்கிளுக்கு ரொம்ப வருத்தம், ஆனா ஆண்ட்டி வாய தொறந்தது அவரு உயிரையே காப்பாத்தியிருக்கலாம்னு நான் நெசமாவே நம்பறேன்.

நான் இருதய வார்டுல தாதியா பல வருஷமா வேல பாக்கறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு டாக்டர் சொன்னா நம்ம ஆளுங்க "படபடப்பு"ன்னு சொல்லிட்டு போயிடறாங்க, சில பேருக்கு அந்தப் படபடப்பு கூட தெரியாது, பாலிகிளினிக்ல பிரஷர் பாக்கப் போன எடத்துல நாடித்துடிப்பு தாறுமாறா இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க. இருதயத்தோட மேல் அறை ரெண்டும் ஒழுங்கா சுருங்காம நிமிஷத்துக்கு 350, 400 தடவைக்கு மேல சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும். நடுங்குனா ரத்தம் முழுசா வெளியேறாது, இடது மேல் அறையில ஒட்டிக்கிட்டு இருக்கற ஒரு சின்னப் பையில போய் தேங்கும். தண்ணி தேங்குனா என்ன ஆகும்னு சிங்கப்பூர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், டெங்கி சமயத்துல பூச்சட்டி தட்டுல தண்ணி நிக்குதான்னு வீடு வீடா வந்து பாக்கறாங்களே. ரத்தம் தேங்குனா உறைஞ்சு கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா ஸ்ட்ரோக்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, நடுங்கிக்கிட்டு இருக்கற அறைய ஷாக் குடுத்து திரும்ப ஒழுங்கா சுருங்க வைக்கறோம், உள்ள கட்டி இருந்தா அதையும் சேத்துத்தான் வெளிய தள்ளும். அதனாலதான் முன்னாடி குறைஞ்சது மூணு வாரம் ஒரு வேளை விடாம மாத்திரை. பின்னாடி நாலு வாரம் எதுக்குன்னா, ஈசிஜி உடனே நார்மலா தெரிஞ்சாலும் அந்த அறையோட தசை கொஞ்ச நாள் மரத்துப் போன மாதிரி மந்தமா இருக்கும், அப்பவும் ரத்தம் தேங்கும். அவசரம்னா தொண்டை வழியா குழாய் விட்டு ஸ்கேன் பண்ணி கட்டி இல்லன்னு பாத்துட்டு செய்யறதும் உண்டு, ஆனா அப்படி செஞ்சாலும் பின்னாடி நாலு வாரம் கட்டாயம்.

மாத்திரை விஷயத்துல நம்ம வீடுகள்ல நடக்கறத சொல்றேன். ரத்தம் உறையாம தடுக்கற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற எண், 2லேர்ந்து 3க்குள்ள இருக்கணும், ஒரு வாரம் முருங்கைக்கீரையா சாப்பிட்டு அடுத்த வாரம் தொடவே மாட்டாங்க, எண் மேலயும் கீழயும் ஓடும். கீரைய நிறுத்தச் சொல்லல, அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி அன்பா குடுக்கற சூப்புல டாங் குவேய் வேர் போட்டிருந்தா அது வார்ஃபரினோட வேகத்த கூட்டிடும், அதையும் கேட்டுக்கங்க. அதே வேலைய செய்யற இன்னொரு மாத்திரை ரிவரோக்சபான், அத சாப்பாட்டோட சேத்து சாப்பிடணும், தைப்பூசம், கந்த சஷ்டின்னு விரதம் இருக்கறவங்க சாப்பாடு இல்லையேன்னு மாத்திரையையும் விட்டுடறாங்க. விரதத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க. அபிக்சபானும் அதே ரகம்தான், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ராத்திரி வேளைதான் நெறைய பேருக்கு மறக்குது.

ஷாக்குன்னா பயம் வரத்தான் செய்யும், சினிமாவுல ஆள் கட்டிலோட துள்ளி விழறத பாத்திருக்கோம்ல. இது வேற. மயக்க மருந்து குடுத்து தூங்க வச்சிட்டுத்தான் செய்வாங்க. நெஞ்சுல ஒரு பேடு, முதுகுல ஒரு பேடு, ஆம்பளைங்களுக்கு முடி இருந்தா மழிச்சிடுவோம். மிஷின் இருதயத் துடிப்ப பாத்து சரியான நொடிக்காக காத்திருந்து அப்பத்தான் கரண்ட விடும், தப்பான நொடியில விழுந்தா ஆபத்தான துடிப்பு கெளம்பிடும்ங்கறதாலதான் இந்த ஏற்பாடு. 1962ல அமெரிக்காவுல பெர்னார்ட் லௌன்ங்கற இருதய டாக்டர் கொண்டு வந்த முறை இது. கரண்டோட சக்தி பெரும்பாலும் 120லேர்ந்து 200 ஜூல், பத்து நிமிஷத்துல கண்ண தொறந்து "ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேப்பாங்க. பேடு ஒட்டின எடம் கொஞ்சம் செவந்திருக்கும். அன்னைக்கு கார் ஓட்டக்கூடாது, யாராச்சும் கூட வரணும்.

இன்னொன்னும் வெளிப்படையா சொல்லணும், ஷாக்கோட நோய் முடிஞ்சிடாது. பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துடுது. வருஷக்கணக்கா இருக்கற நோயின்னா, மேல் அறை பெருசாகிப் போயிருந்தா, ஒழுங்கான துடிப்பு நிலைச்சு நிக்கறது இன்னும் கஷ்டம். அதனால எல்லாருக்கும் ஷாக் குடுக்க மாட்டாங்க, துடிப்போட வேகத்த மட்டும் மாத்திரையில கட்டுப்படுத்திட்டு நல்லா நடமாடறவங்க நெறைய பேர் இருக்காங்க. பிரஷர், உடம்பு எடை, தண்ணி அடிக்கறது, தூக்கத்துல மூச்சு அடைச்சு குறட்டை விடறது, இதெல்லாம் சரி பண்ணா சீக்கிரம் திரும்ப வராம தள்ளிப் போடலாம்.

மாத்திரை விட்டுட்டா எங்ககிட்ட சொல்லுங்க. நாங்க திட்ட மாட்டோம், எனக்கு தெரிய வேண்டியது எத்தன வேளை, எந்த நாளு, அவ்வளவுதான். வாய் கோணுச்சு, ஒரு பக்க கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா மட்டும் எங்களுக்கு போன் போட்டு நேரத்த போக்காதீங்க, நேரா ஆம்புலன்ஸுக்கு 995.

அங்கிள் மறுபடி வந்தாரு. இந்த தடவ பேத்தி போன்ல ரெண்டு வேளைக்கும் அலாரம் வச்சு குடுத்திருந்துச்சு, ஆண்ட்டி காலண்டர்ல டிக் போட்டு கையோட கொண்டு வந்திருந்தாங்க. முதல் ஷாக்லயே துடிப்பு ஒழுங்குக்கு வந்துச்சு. எழுந்ததும், "இனிமே இந்த மாத்திரை வேணாம்தானே தங்கச்சி?"ன்னு கேட்டாரு. நாலு வாரம் கட்டாயம் அங்கிள், அதுக்கப்புறமும் உங்க வயசுக்கு, பிரஷரும் சக்கரையும் இருக்கறதுக்கு, டாக்டர் தொடரத்தான் சொல்லுவாருன்னேன். அவரு பதில் சொல்லல. ஆண்ட்டி டப்பாவ எடுத்து ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சு ஜிப்ப இழுத்து மூடினாங்க.