இல்லாத கட்டணத்தில் பாதித் தள்ளுபடியாம்!

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகப் பரிசோதிக்கும் எங்கள் முகாமில் சென்ற வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற ஹவில்தார். எல்லைப் பணியில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலைக் கழற்றும் முன்பே சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசையில் விரித்தார். "அரசுக் கட்டணம் ரூ.5,000. முன்னாள் ராணுவத்தினர் சலுகை ரூ.2,500. பெற்றது ரூ.2,500" என்று பேனாவால் எழுதி, கீழே வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருந்தது.

"பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் டாக்டரம்மா. மீதியைக் கட்டிவிட்டேன்" என்றார். ஏமாற்றியவன்மேல் அவ்வளவு நன்றி அந்தக் குரலில். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த ஆண்டில் இப்படி ஒரு சீட்டை நான் பார்ப்பது நான்காவது முறை. நான்கு பேருமே முன்னாள் படைவீரர்கள். இதற்கு மேலும் முகாமில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

யு.டி.ஐ.டி. கார்டு என்று நீங்கள் சொல்லும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. படைவீரருக்கும் கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் கிடையாது. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே, மகனோ மகளோ கைப்பேசியில் பதிவு செய்துவிடலாம். கணினி மையத்தில் விண்ணப்பத்தை ஏற்றித் தருபவர் தன் வேலைக்குக் கூலி கேட்கட்டும், தவறில்லை. அதை அரசுக் கட்டணம் என்று எழுதித் தருவது மோசடி. கட்டணமே இல்லாத இடத்தில் யார் எதைத் தள்ளுபடி செய்ய முடியும்?

எங்கள் பக்கம் முன்னாள் படைவீரர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இவர்கள் முத்திரையையும் கையொப்பத்தையும் மதித்தே வாழ்ந்தவர்கள் என்பது தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். 'ராணுவச் சலுகை' என்ற சொல்லைக் கேட்டதும் இவர்கள் சந்தேகப்படுவதில்லை.

காசு கைமாறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வாரந்தோறும் முகாமில் என் தொண்டை வற்றுவது அதை விளக்கித்தான். "பென்ஷன் ஆர்டரில் உடல் குறைபாடு 50 சதவீதம் என்று இருக்கிறது. நீங்கள் ஏன் சான்றில் அதைப் போட மறுக்கிறீர்கள்?" என்று கேட்காத முன்னாள் படைவீரர் குறைவு. ஐயா, இரண்டும் வேறு வேறு கணக்கு. ராணுவ மருத்துவக் குழு பார்ப்பது, உங்கள் உடல்நலக் குறைவு பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா என்பதை. அதில் ரத்த அழுத்தம் வரும், சர்க்கரை நோய் வரும், இதய நோயும் வரும். நாங்கள் பார்ப்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை. அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ரத்த அழுத்தமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கார்கில் குளிரில் நின்றதால்தான் உங்களுக்கு ரத்த அழுத்தம் வந்தது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சட்டத்தின்கீழ் என்னால் சான்று தர முடியாது.

அந்த 50ம்கூடப் பல நேரம் குழு அளந்த எண்ணாக இருப்பதில்லை. ஓய்வூதியக் கணக்குக்காக 20 முதல் 49 வரையுள்ள சதவீதத்தை 50ஆக உயர்த்திக் கொடுப்பார்கள். பணிக்காலத்தை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. மருத்துவக் குழு 30 என்று எழுதியவருக்கும் ஓய்வூதியத்தில் 50 என்றே வரும். அது உங்கள் ஓய்வூதிய உரிமை, அதில் யாரும் கைவைக்க முடியாது. அந்த எண்ணை நான் அப்படியே இந்தச் சான்றில் எழுத இயலாது. கை கால் குறைபாடு என்றால் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு வலு இருக்கிறது என்று புதிதாக அளந்துதான் எழுதுவேன்.

இது புரியாமல் வெளியே போகிறவர், "காசு கொடுக்காததால்தான் குறைத்துவிட்டார்கள்" என்று நினைக்கிறார். மருத்துவமனை வாசலில் நிற்கும் தரகருக்கு அது போதும். "கூட்டி வாங்கித் தருகிறேன்" என்கிறார். தயவு செய்து அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாகப் பெற்றால் இதே சட்டத்தின் 91ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டிக்கொள்ளும்போது தரகர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அந்த ஹவில்தார் விஷயத்தில் தரகருக்கு வேலையே இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவருக்கு 40 சதவீதத்தைத் தாண்டும் என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். 40 முதல் 80 சதவீதத்துக்குள் உள்ளவர்களுக்கான மஞ்சள் அட்டை வீடு தேடி வந்திருக்கும். 2,500 ரூபாய் வீண்.

ஆதார் பற்றியும் ஒரு வார்த்தை. கைவிரல்களை இழந்த ஒருவரிடம் 'சிறப்புப் பதிவுக் கட்டணம்' என்று பறித்திருக்கிறார்கள். புதிதாக ஆதார் பதிவு செய்வது எல்லோருக்கும் இலவசம். விரல் ரேகை பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்கு முறை இருக்கிறது. பழைய விவரங்களைத் திருத்தத்தான் கட்டணம் உண்டு. அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

சுங்கச்சாவடியில் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் விலக்கு அளிப்பது பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா போன்ற வீர விருது பெற்றவர்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வாகனத்துக்கும். ஓய்வு பெற்ற படைவீரர் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு இல்லை.

யாராவது பணம் கேட்டால் சீட்டோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகவும் கொடுங்கள். ஹவில்தாருக்கு அந்த மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். சீட்டை நகல் எடுத்து இணைக்கச் சொன்னேன். "சீட்டுக் கொடுத்த பையன் பாவம், குழந்தைகுட்டிக்காரன்" என்று தயங்கினார். "அடுத்து உங்கள் படைப்பிரிவுக்காரர் ஒருவர் இதே சீட்டோடு வரட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

முகாமுக்கு வரும்போது ஆதாரும், புகைப்படமும், பழைய அறுவை சிகிச்சைக் காகிதங்களும் கொண்டுவாருங்கள். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் வேட்டியிலோ தளர்ந்த கால்சட்டையிலோ வாருங்கள். அன்று ஹவில்தார் இஸ்திரி போட்ட இறுக்கமான பேன்ட்டில் வந்து, அதை மடித்து ஏற்ற முடியாமல் எல்லோர் முன்னாலும் தடுமாறினார். திரையை இழுத்துவிட்டு நான்தான் உதவினேன். மீதிக் கால் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று அளந்தால்தான் சதவீதத்தைச் சரியாக எழுத முடியும். கழற்றச் சொல்வது அதற்காகத்தான், கூச்சப்பட வேண்டாம்.