மாணவர்களும் போதையும்: எச்சரிக்கை ஏன் எடுபடுவதில்லை?

1983-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து ‘டேர்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கே வருவார். எந்தப் போதைப்பொருள் உடம்பை என்ன செய்யும் என்று விளக்குவார். யாராவது நீட்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்குவார். கடைசியில் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பெற்றோருக்குப் பிடித்துப்போனது, காவல்துறைக்கும் பிடித்துப்போனது. திட்டம் நாடு முழுவதும் பரவி, எல்லை தாண்டியும் போனது.

பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 1994-ல் வந்த தொகுப்பாய்வில், மாணவர்களின் போதைப் பழக்கத்தில் இந்தத் திட்டம் ஏற்படுத்திய மாற்றம் மிகச் சொற்பம் என்று தெரிந்தது. 1999-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பாடம் கேட்ட பிள்ளைகளை 10 ஆண்டுகள் கழித்து, 20 வயதில் தேடிப்பிடித்து விசாரித்தது. பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2003-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பும் இதையே எழுதியது. திட்டத்தை நடத்தியவர்கள் பின்னாளில் பாடத்தையே மாற்றினார்கள்.

ஆனால் உலகம் முழுக்கப் பள்ளிகளில் இன்னும் நடப்பது பெரும்பாலும் அந்தப் பழைய பாடம்தான். கறுத்த நுரையீரல் படம், ஒரு மணி நேர உரை, உறுதிமொழி, குழுப் படம். சிகரெட் கெடுதல் என்று தெரியாத எட்டாம் வகுப்பு மாணவன் எங்கும் இல்லை. கேட்டால் கட்டுரையே எழுதித் தருவான். தெரிந்தும் ஏன் தொடுகிறான் என்பதற்கான விடை அவன் மண்டைக்குள்ளும், அவன் பக்கத்தில் நிற்பவர்களிடமும் இருக்கிறது.

முதலில் மண்டைக்குள். நடுமூளையில் உள்ள சில நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதன் முக்கிய வேலை, ‘இதைக் கவனி, நினைவில் வை, மறுபடியும் தேடு’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது. பருவமடையும் வயதில் இந்தப் பாதை மும்முரமாகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, அதாவது பொறுத்திருக்கவும் விளைவை எடைபோடவும் உதவும் பகுதி, அதே வேகத்தில் முதிர்வதில்லை. 1999-ல் ஜே கீட் தலைமையிலான குழு ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. புறணியின் சாம்பல்நிறப் பகுதி பருவ வயதை ஒட்டிப் பெருகி, பிறகு குறைகிறது என்று கண்டது. குறைவது நல்லதுதான். செடியைக் கவாத்து செய்வதுபோல, பயன்படாத இணைப்புகளை மூளை வெட்டிவிட்டு, பயன்படுபவற்றை உறுதிப்படுத்துகிறது. இருபதுகள் வரை நீளும் வேலை இது. (25 வயதில் மூளை ‘முழுமை’ அடைந்துவிடும் என்பார்களே, அது வசதிக்காகச் சொல்வது. பிறந்தநாளன்று எந்த சுவிட்சும் விழுவதில்லை.)

எந்த இணைப்பு தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவாகிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில்தான் நிகோடின் உள்ளே வருகிறது. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடும். நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையில் நிகோடினும் அச்சாகப் பொருந்துகிறது. பொருந்தியதும் டோபமைன் சுரக்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஏற்பிகள் களைத்துச் செயலிழக்க, மூளை அந்த வகை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ரத்தத்தில் நிகோடின் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு தூங்கி எழுவதற்குள் கூடுதல் ஏற்பிகள் எல்லாம் காலியாகக் காத்திருக்கும். காலையில் எழுந்ததும் வரும் எரிச்சலுக்கும் தவிப்புக்கும் காரணம் அதுதான்.

தினமும் ஒரு பாக்கெட் பிடிப்பவருக்குத்தான் இந்த நிலை வரும் என்று மருத்துவர்களே முன்பு நம்பினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃப்ரான்சா குழுவினர் 12, 13 வயதுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது வேறு கதை தெரிந்தது. எப்போதாவது பிடிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, வாரங்களிலேயே, சிலருக்கு ஏக்கமும் ‘நிறுத்த முடியவில்லை’ என்ற உணர்வும் வந்துவிட்டன. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. ‘ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்’ என்பது பொய் சொல்வதற்காகச் சொல்லும் வார்த்தை இல்லை, சொல்லும்போது அவன் அதை நம்புகிறான்.

வேப் என்ற மின் சிகரெட் இங்கே ஒரு தடையை எடுத்துவிட்டது. சாதாரண நிகோடின் ஆவி தொண்டையை அறுக்கும். புதிதாக இழுப்பவன் இருமித் தள்ளிவிட்டுக் கீழே போட அதுவே காரணமாக இருந்தது. நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தால் அது உப்பு வடிவமாகிறது, அந்தத் தொண்டை எரிச்சல் தணிகிறது. 2015-ல் சந்தைக்கு வந்த ஜூல் என்ற மின் சிகரெட் இந்த முறையில்தான் ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடினை இருமலில்லாமல் உள்ளே இறக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு 20 மில்லிகிராம். இதோடு மாம்பழ வாசனையும் சேர்ந்துகொண்டால், உடம்பு தானாகச் சொல்லும் முதல் ‘வேண்டாம்’ காணாமல் போகிறது. என்னைக் கேட்டால், எந்த விளம்பரத்தையும்விட இந்த வேதியியல் மாற்றம்தான் அதிகப் பிள்ளைகளை உள்ளே இழுத்தது.

மதுவிலும் இதே போன்ற ஒரு சிக்கல் உண்டு. இளம் எலிகளை வைத்து நடந்த சோதனைகளில், வளர்ந்த எலிகளைத் தள்ளாட வைத்துத் தூங்கவைக்கும் அளவு, இளசுகளை அவ்வளவாக அசைக்கவில்லை. ஆனால் கற்றலும் நினைவும் அவற்றுக்குத்தான் கூடுதலாகக் கெட்டன. ‘போதும்’ என்று சொல்லும் உடல் அறிகுறி தாமதமாக வருகிறது, அடி மட்டும் முன்பே விழுகிறது. தன்னால் நிறையத் தாங்க முடியும் என்று பெருமைப்படும் பதினாறு வயதுக்காரன் உண்மையில் காட்டுவது, எச்சரிக்கை மணி இன்னும் சரியாக அடிக்காத ஒரு மூளையை.

இனி பக்கத்தில் நிற்பவர்கள். 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஓர் எளிய கணினி விளையாட்டை வைத்து ஆராய்ந்தார்கள். திரையில் கார் ஓடும், சிக்னல் மஞ்சளாகும். தொடர்ந்து ஓட்டினால் புள்ளி கூடும், எப்போது சிவப்பாகி மோதும் என்று தெரியாது. 13 முதல் 16 வயது, 18 முதல் 22, 24-க்கு மேல் என்று மூன்று பிரிவினர். தனியாக விளையாடியபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு துணிந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பெரியவர்களிடம் மாற்றமே இல்லை, சிறுவர்களின் துணிச்சல் ஏறக்குறைய இரட்டிப்பானது, நடுப் பிரிவினரிடமும் ஓரளவு கூடியது. 2011-ல் இதையே ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் செய்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, டோபமைன் போய்ச் சேரும் அந்த வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் கூடுதலாக விழித்துக்கொண்டது. யாரும் ‘அழுத்தம்’ கொடுக்கவில்லை. பின்னர் நடந்த ஒரு சோதனையில் இளம் எலிகளும் கூட்டாக இருக்கும்போது அதிக மது குடித்தன, வளர்ந்தவை அப்படிச் செய்யவில்லை. எலிகளுக்குக் கௌரவப் பிரச்சினை இருந்திருக்காது.

வகுப்பில் தனியாக உட்கார்ந்து ‘வேண்டாம்’ சொல்லப் பழகியது, நான்கு பேர் நிற்கும் இடத்தில் ஏன் நழுவுகிறது என்பது இதில் புரியும். பழகியது ஒரு மூளைநிலையில், தேவைப்படுவது வேறொரு மூளைநிலையில்.

இதற்கு மேல் ஒரு தப்புக் கணக்கும் சேர்கிறது. தன் வயதினர் எவ்வளவு பேர் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள் என்று மாணவர்களைக் கேட்டால், உண்மையைவிட நிறையக் கூட்டிச் சொல்வார்கள். வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்கோவிட்ஸும் 1986-ல் கல்லூரி மாணவர்களிடம் இதைக் காட்டினார்கள், பிறகு பள்ளிகளிலும் திரும்பத் திரும்பக் கண்டார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஒருவன் நினைவில் நிற்பான், வீட்டில் படுத்துத் தூங்கிய இருபது பேர் நிற்க மாட்டார்கள். இங்கேதான் பெரியவர்களின் பிரசாரம் திருப்பி அடிக்கிறது. ‘பள்ளிகளைச் சூழ்ந்த போதை’ என்று சுவரெல்லாம் எழுதினால், தொடாத பிள்ளை அதை ‘எல்லோரும் செய்கிறார்கள், நான்தான் பாக்கி’ என்று படிக்கலாம். 1999-லிருந்து 2004 வரை அமெரிக்க அரசு பெருஞ்செலவில் நடத்திய ஊடகப் பிரசாரத்தை மதிப்பிட்டவர்கள், கஞ்சா பழக்கம் குறைந்ததற்கு ஆதாரம் காணவில்லை. மாறாக, சில பிள்ளைகளிடம் ஆர்வம் கூடியதற்கான அடையாளங்கள் தெரிந்தன.

பயமுறுத்தல் நேரடியாகவே ஆபத்தாகும் இடமும் ஒன்று உண்டு. நடுநிலைப்பள்ளி வயதில் சிலர் தொடுவது கடையில் வயது கேட்டு விற்கும் பொருளையே அல்ல, பசை, தின்னர் போன்றவற்றின் ஆவியை. இவை இதயத்தை, பயத்தில் சுரக்கும் அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும் நிலையில் வைக்கும். முதல் முறையிலேயே துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் உண்டு. அந்த நிலையில் ஒரு பிள்ளையைக் கண்டால் கத்துவதும் துரத்துவதும் கூடாது, திடுக்கிடலே துடிப்பைக் குலைத்துவிடும். பொருளை அகற்றி, காற்றோட்டம் தந்து, அமைதியாகப் பேசி உட்காரவைத்து, உடனே மருத்துவ உதவி கேட்க வேண்டும்.

சரி, எதுதான் பலிக்கிறது? மிக வலுவான சான்றுகளில் ஒன்று, போதை என்ற சொல்லே வராத ஒரு வகுப்பறை விளையாட்டு. ஒன்றாம் வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். கூச்சல் கூடாது, இடத்தைவிட்டு எழக்கூடாது என்பது போன்ற விதிகள் பலகையில் இருக்கும். மீறினால் குழுவுக்கு ஒரு குறி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் நின்றால் குழுவே ஜெயிக்கும். முதலில் 10 நிமிடம், பிறகு நீளும், பிறகு சொல்லாமலே நடக்கும். துறுதுறு பையனைச் சக பிள்ளைகளே அடக்கி வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். 1985-ல் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் இதை விளையாடியவர்கள் 19 முதல் 21 வயதானபோது பார்த்தால், ஆண்களில் போதைச் சார்பு விளையாடாதவர்களில் இருந்ததில் ஏறத்தாழ பாதி. ஆறு வயதில் அதிகம் முரண்டு பிடித்த பையன்களிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. தங்களுக்கு என்ன தடுக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று ஐஸ்லாந்து. 1998-ல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடிபோதையில் இருந்தவர்கள், 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தவர்கள். 2016-ல் அவை 5 சதவீதமும் 3 சதவீதமும். மாலை நேரத்தைத்தான் அவர்கள் பிடித்தார்கள். விளையாட்டு, இசை, நாட்டியம் ஆகியவற்றுக்கு அரசுப் பணம் போனது. 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையின்றி வெளியே இருக்கக்கூடாது என்று விதி வந்தது. பெற்றோர் முறைவைத்து இரவில் தெருவில் நடந்தார்கள். ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு எடுத்து, முடிவை அந்தந்தப் பள்ளிக்கே சொன்னார்கள். இதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது, எனவே முழுப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுக்க முடியாது. என்றாலும் வீழ்ச்சியின் ஆழம் அசாதாரணம். விலையும் வரியும் கூட நன்றாக வேலை செய்கின்றன, விலை ஏறினால் முதலில் விலகுவது கையில் காசு குறைந்த இளையவர்கள்தான். மேடைப் பேச்சுக்கு இதில் வாய்ப்பு இல்லாததால் யாரும் கைதட்டுவதில்லை.

மாட்டிக்கொண்ட பிள்ளையை என்ன செய்வது? பள்ளிகள் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, இடைநீக்கம். பெரியவர்கள் இல்லாத வீட்டில் நாள் முழுக்கத் தனிமை, அல்லது ஏற்கெனவே பள்ளியை விட்டவர்களின் துணை. இரண்டு, மாட்டியவர்களை எல்லாம் ஒரே அறையில் வைத்து ஆலோசனை. தாமஸ் டிஷியனும் சக ஆய்வாளர்களும் 1999-ல் இப்படிப்பட்ட குழுக்களின் விளைவை எழுதினார்கள். குழுவில் இருந்தவர்களிடம் புகைப்பதும் அடாவடியும் கூடியிருந்தன. சாகசம் சொன்னவனுக்குச் சிரிப்புப் பரிசாகக் கிடைத்தது, மூளை அதைக் கற்றுக்கொண்டது. அதைவிட, நம்பும் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து, ‘இதில் உனக்கு என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை’ என்று கேட்டு, அவன் வாயாலேயே காரணங்களை வரவைக்கும் பேச்சுமுறைக்குப் பலன் இருக்கிறது.

அவன் நிறுத்த ஒப்புக்கொண்டால், நிகோடினைப் பொறுத்தவரை, முதல் நாளுக்குள் எரிச்சல் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும். தூக்கம் கெடும், கவனம் சிதறும், பசி கூடும், சும்மா கேட்டாலும் சீறுவான். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். வகுப்பாசிரியருக்கு இது முன்பே தெரிந்திருந்தால், அந்த முதல் வாரத்துச் சீற்றத்தை ஒழுங்கீனம் என்று குறித்து அவனை மறுபடி வெளியே அனுப்ப மாட்டார்.