செவ்வாய் பின்னால் நடக்கிறதா? திரையில் எதை நிறுத்துகிறோம் என்பதுதான் பாடம்

ஸ்டெல்லேரியம், வானத்தைக் கணினித் திரையில் காட்டும் இலவச மென்பொருள். ஒருமுறை பதிந்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இதைவிடத் தோதான வானியல் கருவி கிடையாது. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் சனியின் வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு நேரம் முடிந்துவிடுகிறது. கோள்களும் வால் நட்சத்திரங்களும் எப்படி நகர்கின்றன என்று புரிய வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஆசிரியர் முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: திரையில் எது அசையாமல் நிற்க வேண்டும், எது நகர வேண்டும்?

முதலில் இடமும் நேரமும். எஃப்6 விசையில் இட அமைப்பு திறக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரம் என்றால் வடக்கு 4.8 டிகிரி, கிழக்கு 101.1 டிகிரி. அதையே நிரந்தர இடமாகச் சேமியுங்கள். நேர மண்டலம் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு நாளை வேகமாக ஓட்டி, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைக் குறியுங்கள். நம் ஊரில் சராசரியாகப் பிற்பகல் 1.15, மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின்னாகும். 12.15ஐ ஒட்டி வந்தால் கணினி பாங்காக் நேரத்தில் கிடக்கிறது. ஒரு மணி நேரப் பிழை என்றால் வானம் 15 டிகிரி தள்ளிப்போகும். மாலையில் தெரிய வேண்டிய புதன் திரையில் ஏற்கெனவே மறைந்திருக்கும்.

பகல் வெளிச்சம் புகும் வகுப்பறையில் புரொஜெக்டர் கறுப்பு வானத்தைச் சாம்பலாக்கிவிடும். எஃப்4 பலகையில் நட்சத்திர அளவை இரு மடங்காக்கி, பால்வீதியின் ஒளியைக் குறைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

இனி செவ்வாய். வீட்டில் ராசிபலன் பார்க்கும் பிள்ளைகளுக்கு ‘வக்ரம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். கோள் உண்மையாகவே நின்று பின்னால் திரும்புகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். 2024 டிசம்பர் 7 முதல் 2025 பிப்ரவரி 24 வரை நடந்த வக்ரம் பாடத்துக்கு அருமையான எடுத்துக்காட்டு. பூசத்தின் அருகே திரும்பிய செவ்வாய், ஜனவரி 16 அன்று சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. அந்த மாதமே புனர்பூசத்தின் பிரகாசமான நட்சத்திரமான போலக்ஸைக் கடந்து பின்னோக்கிப் போனது.

இங்கேதான் வழக்கமான தவறு நேர்கிறது. செவ்வாயைச் சொடுக்கி நடுவில் பூட்டிவிட்டு நாள்களை ஓட்டுகிறார்கள். செவ்வாய் நடுவில் நிற்க, நட்சத்திரங்கள் எல்லாம் நழுவுகின்றன. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பூட்ட வேண்டியது போலக்ஸை. எஃப்3 விசையில் தேடி, ஸ்பேஸ் விசையால் நடுவில் நிறுத்துங்கள். ‘ஜி’ தரையை நீக்கும், ‘ஏ’ வளிமண்டலத்தை நீக்கும். கன்ட்ரோலும் ‘எம்’மும் சேர்த்து அழுத்தினால் பார்வை, நட்சத்திரங்கள் திரையில் சாயாமல் நிற்கும் பூமத்திய முறைக்கு மாறும். பார்வைப் புலத்தை 45 டிகிரிக்கு வைத்து, 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து சமன்குறி விசையால் நாள்நாளாக நகருங்கள். ஒவ்வொரு பத்து நாளுக்கும் ஒரு மாணவர் வெள்ளைப் பலகையில் நேரடியாகப் புள்ளி வைக்கட்டும். மே மாதத்துக்குள் கண்ணி போன்ற வளைவு கிடைத்துவிடும்.

அது ஏன் என்பதற்கு அதே தேதிகளை இன்னொரு முறை ஓட்டுங்கள். இட அமைப்பில் ‘சோலார் சிஸ்டம் அப்சர்வர்’ என்பதைத் தேர்ந்து, சூரியனைப் பூட்டி, ‘ஓ’ விசையால் பாதைகளை வரவழையுங்கள். நொடிக்கு 29.8 கிலோமீட்டர் ஓடும் பூமி, 24.1 கிலோமீட்டர் ஓடும் செவ்வாயை உள்வட்டத்தில் முந்துகிறது. செவ்வாய் எங்கும் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. இரண்டாவது ஓட்டத்தைத் தவிர்த்தால் முதல் ஓட்டம் தவறான நம்பிக்கையை உறுதியாக்கிவிடும். இரண்டையும் ஒரே நாளில் காட்டியே தீர வேண்டும்.

வால் நட்சத்திரத்தின் வேக மாற்றத்துக்குத் திரையைவிடப் பள்ளித் திடல் நல்லது. ஹேலியைத் தேர்ந்து, தகவல் வரிகளில் சூரியனிடமிருந்து உள்ள தூரத்தை மாணவர்களே எழுதட்டும். ஒரு வானியல் அலகுக்கு (சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரி தூரம்) ஒரு மீட்டர் என்று திடலில் குச்சி நடுங்கள். 1986 பிப்ரவரி 9க்கான குச்சி, சூரியனாக நிற்கும் பிள்ளையிடமிருந்து 59 சென்டிமீட்டரில், 1991க்கு ஏறக்குறைய 14 மீட்டரில், 1996க்கு 21, 2006க்கு 30, பாதையின் கடைக்கோடியான 2023 டிசம்பருக்கு 35. முதல் ஐந்து ஆண்டுகளில் 13 மீட்டருக்கு மேல் ஓடியது, கடைசிப் பதினேழு ஆண்டுகளில் 5 மீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. சூரியனுக்கு அருகே வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் ஓடும் என்கிற கெப்ளரின் இரண்டாம் விதியைப் பலகையில் எழுதுவதற்கு முன்பே பிள்ளைகள் அதைக் காலால் நடந்து பார்த்துவிடுகிறார்கள். அடுத்து அது சூரியனை நெருங்குவது 2061 ஜூலையில். அப்போது தமக்கு என்ன வயது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வால் எந்தப் பக்கம் இருக்கும் என்று முதலில் வரையச் சொல்லிவிட்டு, பிறகு திரையில் காட்டுங்கள். ஓடும் திசைக்குப் பின்னால் புகைபோல இழுத்துத்தான் பெரும்பாலும் வரைவார்கள். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதால், சூரியனைவிட்டு விலகும்போது அது முன்னால் போகும்.

புதிய வால் நட்சத்திரங்கள் தானாக வரா. ‘சோலார் சிஸ்டம் எடிட்டர்’ செருகுநிரலை இயக்கி, சிறுகோள்கள், வால் நட்சத்திரங்களின் பாதைகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டரின் சுற்றுப்பாதை எண்களை இறக்க வேண்டும். இதற்கு மட்டும் இணையம் தேவை. முந்தைய நாளே வீட்டில் செய்துவிடுங்கள். பழைய எண்களை நம்பாதீர்கள். கோள்களின் இழுப்பால், குறிப்பாக வியாழனின் இழுப்பால், பாதை மாறிக்கொண்டே இருக்கும். பிரகாச எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 2013 நவம்பர் 28 அன்று ஐசான் வால் நட்சத்திரம் சூரியனருகே சிதைந்தது. பாதையை மட்டும் கணக்கிடும் மென்பொருள் டிசம்பரிலும் அதை வாலோடு வரையும்.

வெளியே பார்க்கப் போகும் நாளுக்கு, நட்சத்திரத்தைப் பூட்டும் முறை உதவாது. இப்போது தொடுவானம் நிற்க வேண்டும். சாதாரணப் பார்வைக்குத் திரும்பி, மாலை 7.45ஐ வைத்து, நாள்நாளாக நகருங்கள். 2024 அக்டோபர் 12 அன்று பூமியை நெருங்கிய சூசின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம், அடுத்தடுத்த மாலைகளில் மேற்கே உயர்ந்துகொண்டே போனது இப்படித் தெளிவாகத் தெரியும்.

மென்பொருளின் தொடுவானம் சமதரை. நம் தொடுவானம் செம்பனை. 12 மீட்டர் உயர மரம் 60 மீட்டர் தள்ளி நின்றால், மாணவர் கண்ணுக்கு 10 டிகிரி வரை மறைந்துவிடும்; கையை முழுக்க நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் அது. திடலின் மேற்கு விளிம்பை முட்டியால் அளந்து குறித்துக்கொண்டு, அதற்கு மேலே இருக்கும் நாள்களுக்கு மட்டும் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். சூரியன் முழுதாக மறைந்த பிறகே தொலைநோக்கியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் போய்விட்டது என்பது மறைந்ததாகாது. திரையில் சூரியனின் உயரம் சுழியத்துக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.