பக்கத்து மேசைக்கு ஒரு படம்: கைபேசியும் கணினியும் பேசிக்கொள்ளும் விதம்

கைபேசியில் எடுத்த படத்தை எதிரே இருக்கும் மடிக்கணினிக்கு மாற்ற வேண்டும் என்றால், நம்மில் பலரும் அதை வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்கிறோம். இரு கருவிகளுக்கும் இடையே இருப்பது மூன்றடி தூரம். படமோ ரவுட்டர் வழியாக வீட்டைவிட்டு வெளியேறி, இணைய நிறுவனத்தின் கம்பிகளைக் கடந்து, எங்கோ ஒரு தரவு மையத்தைத் தொட்டுவிட்டு, மறுபடியும் அதே ரவுட்டருக்குள் வந்து சேருகிறது. ஆவணமாக அனுப்பாமல் படமாக அனுப்பினால், கிளம்பும் முன்பே செயலி அதைச் சுருக்கியும் விடுகிறது.

இந்தச் சுற்றுவழியின் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 ஜிபி அளவுள்ள ஒரு காணொளி என்பது ஏறக்குறைய 8,000 மெகாபிட். வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால், அது வெளியே போய்ச் சேருவதற்கே 400 விநாடிகள், அதாவது ஏழு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். திரும்ப இறக்கிக்கொள்ளும் நேரம் தனி. அதே காணொளி வீட்டு வைஃபைக்குள்ளேயே விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் நேராகப் போனால் 40 விநாடிகளில் வேலை முடிந்துவிடும், மாதாந்திர இணைய அளவிலும் ஒரு துளி குறையாது. கேடிஇ கனெக்ட், லோக்கல்சென்ட், சிங்க்திங் போன்ற இலவசச் செயலிகள் செய்து தருவது இந்த நேர்வழிப் பயணத்தைத்தான். இவற்றை நிறுவுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் உள்ளே நடப்பது தெரியாவிட்டால், ஆறாவது நிமிடத்தில் ‘கருவி எதுவும் கிடைக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

முதல் சிக்கல், ஒன்றையொன்று கண்டுபிடிப்பது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பதுபோல ஒரு ஐபி முகவரியைக் கொடுக்கிறது. அது நிலையானது அன்று. நாளைக்கு அதே கைபேசிக்கு வேறு முகவரி கிடைக்கலாம். எனவே மடிக்கணினிக்குக் கைபேசியின் முகவரி முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை. வீட்டு எண் தெரியாத தெருவில் ஒருவரைத் தேடிப் போனவர் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையா, கருவிகளும் அதையேதான் செய்கின்றன.

கேடிஇ கனெக்ட் செயலியை எடுத்துக்கொள்வோம். 2013இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் ஆல்பர்ட் வாகா என்பவர் தொடங்கிய இச்செயலி, லினக்ஸ் கணினிகளுக்காகப் பிறந்து, பின்னர் விண்டோஸ், மேக், ஐபோன் ஆகியவற்றுக்கும் பரவியது. இதைத் திறந்ததும், அது 1716 என்ற போர்ட் எண்ணில் (போர்ட் என்பது கருவிக்குள் ஒரு செயலி காது கொடுக்கும் வாசல்), அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி பதிலுக்குக் காத்திராத யுடிபி என்ற முறையில் ஒரு சிறு செய்தியை வீசுகிறது. ‘என் அடையாளம் இது, இந்தப் போர்ட்டில் என்னோடு பேசலாம்’ என்பதே அதன் சாரம். இதே செயலி இயங்கும் மற்றொரு கருவி அதைக் கேட்டவுடன், செய்தி வந்த முகவரிக்கு நேரடியாக ஒரு டிசிபி இணைப்பை, அதாவது இருவரும் தொடர்ந்து பேசும் வழியை, திறக்கிறது. கூவல் எல்லாருக்கும், உரையாடல் இருவருக்கு மட்டும். லோக்கல்சென்ட் சற்று வேறு மாதிரி: அது எல்லாரையும் கூவி அழைக்காமல், 224.0.0.167 என்ற பொதுக் குழு முகவரிக்கு 53317 என்ற போர்ட்டில் செய்தி அனுப்புகிறது. அந்தக் குழுவில் சேர்ந்த கருவிகள் மட்டும் காது கொடுக்கின்றன. அதற்கும் பதில் வராவிட்டால், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கக்கூடிய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது. இருநூற்றுச் சொச்சம் கதவுகள்தாம் என்பதால் இதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

இந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டி வெளியே கேட்காது என்பது இதன் பாதுகாப்பு. அதுவே இதன் தொல்லையும் ஆகும். சில மாதங்களுக்கு முன் என் தமக்கை வீட்டில், ஒரே மேசையில் அருகருகே கிடந்த கைபேசியும் மடிக்கணினியும் ஒரு மணி நேரமாக ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. செயலியை நீக்கி, மறுபடி நிறுவி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, எல்லாம் செய்தாயிற்று. கடைசியில் பார்த்தால், விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைத்திருந்த வைஃபையில் கைபேசி இணைந்திருந்தது. விருந்தினர் வைஃபையின் நோக்கமே, அதில் இணைந்த கருவி இணையத்தை மட்டும் பார்க்க வேண்டும், வீட்டில் உள்ள பிற கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதுதான். தங்கும் விடுதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் உள்ள வைஃபை பெரும்பாலும் இதே முறையில் அமைக்கப்படுவதால் அங்கும் இச்செயலிகள் படுத்துவிடும். விண்டோஸில் வீட்டு நெட்வொர்க்கைப் ‘பொது’ என்று குறித்துவைத்திருந்தால், அதன் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் உள்ளே வரும் கூவலை வாசலிலேயே தடுத்துவிடும்; அதைத் ‘தனியார்’ என்று மாற்றினால் போதும். லினக்ஸில் ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் கேடிஇ கனெக்டுக்காக 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்களை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறந்துவிட வேண்டும். போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தாலும் கூவல் திசைமாறிப் போய்விடலாம். என் அனுபவத்தில், ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை செயலியின் குற்றம் அன்று; இந்த முதல் படியில் உள்ள தடைதான்.

இரண்டாவது படி, நம்பிக்கை. கூப்பிட்ட குரல் நம் கைபேசியுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? கருவியின் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் தம் மடிக்கணினிக்கு உங்கள் கைபேசியின் பெயரைச் சூட்ட எந்தத் தடையும் இல்லை. எனவே ஒவ்வொரு செயலியும் முதன்முதலில் திறக்கப்படும்போதே தனக்கென ஒரு சாவி இணையை உருவாக்கிக்கொள்கிறது. ஒன்று யாருக்கும் காட்டாத இரகசியச் சாவி. மற்றொன்று எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய பொதுச் சாவி. கேடிஇ கனெக்டில் ‘இணை’ என்ற பொத்தானை அழுத்தும்போது இரு கருவிகளும் பொதுச் சாவிகள் அடங்கிய சான்றிதழ்களைப் பரிமாறி, அடுத்த முறை முதல் அந்தச் சான்றிதழைக் காட்டுபவரை மட்டும் உள்ளே விடுகின்றன. வங்கி இணையதளங்களுக்குச் சான்றளிக்க வெளியே நிறுவனங்கள் உண்டு. உங்கள் வீட்டுக் கைபேசிக்குச் சான்றளிக்க அப்படி ஒருவரும் இல்லை. அந்த வேலை பொத்தானை அழுத்தும் உங்களுடையது.

இணைக்கும்போது கேடிஇ கனெக்ட் இரு திரைகளிலும் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டைக் காட்டும். ஏறக்குறைய எவரும் அதைப் படிப்பதில்லை. அது அலங்காரத்துக்கு இல்லை. இரு கருவிகளின் பொதுச் சாவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிடைத்த சுருக்கக் குறி அது. நடுவில் ஒருவர் புகுந்து, கணினியிடம் ‘நான்தான் கைபேசி’ என்றும் கைபேசியிடம் ‘நான்தான் கணினி’ என்றும் நடித்தால், அவர் இரு பக்கமும் தம்முடைய சாவியைத்தான் கொடுக்க முடியும். உங்கள் கருவிகளின் இரகசியச் சாவிகள் அவரிடம் இல்லை. அப்போது ஒவ்வொரு திரையிலும் கணக்கிடப்படும் சாவிகள் வேறு வேறாகி, எட்டு எழுத்துகளும் ஒத்துப்போகாது. வீட்டில் இது பெரிய அபாயம் இல்லை. பலர் புழங்கும் அலுவலக வைஃபையில், அந்த எட்டு எழுத்துகளை ஒரு முறை கண்ணால் ஒப்பிடுவதற்கு ஆகும் ஐந்து விநாடிகளை மிச்சம் பிடிக்கக் கூடாது.

நம்பிக்கை ஏற்பட்ட பின் மூன்றாவது படியான அனுப்புதலில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெளியார் படிக்க முடியாதபடி பூட்டும் டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் கோப்பு ஓடுகிறது. ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும்: கைபேசி, மடிக்கணினி இரண்டுமே ஒரே அலைவரிசையில் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு துணுக்கும் கைபேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு மறுமுறை என ஒரே காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது, ஆகவே வேகம் பாதியாகிறது. கணினியை மட்டும் ஒரு லேன் கம்பியால் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கோப்பு மட்டுமல்லாமல், கைபேசிக்கு வரும் அறிவிப்புகளைக் கணினியில் பார்ப்பது, அழைப்பு வரும்போது கணினியில் ஓடும் பாட்டை நிறுத்துவது, மெத்தைக்கடியில் தொலைந்த கைபேசியை ஒலிக்கச் செய்வது எனக் கேடிஇ கனெக்டின் இந்த இணைப்பைக்கொண்டு பல வேலைகளைச் செய்யலாம். ஒன்று மட்டும் அரைகுறையாகவே நடக்கும்: கணினியில் நகலெடுத்த வாசகம் கைபேசிக்குத் தானாகப் போய்விடும், கைபேசியில் நகலெடுத்தது கணினிக்கு அப்படி வராது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் இல்லாத செயலி எதுவும் நகல் பலகையைப் படிக்க முடியாது என்று கூகுள் தடுத்துவிட்டதுதான் காரணம். கடவுச்சொற்களையும் ஓடிபி எண்களையும் நாம் நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் என்பதால், இந்தத் தடை நியாயமானதே.

ஒவ்வொரு முறையும் அனுப்பிக்கொண்டிருக்க அலுப்பாக இருப்பவர்களுக்குச் சிங்க்திங் உண்டு. கைபேசியின் கேமரா அடைவையும் கணினியில் ஓர் அடைவையும் அது எப்போதும் ஒத்தபடி வைத்துக்கொள்ளும். இதில் கருவியின் அடையாளம் என்பது அதன் சான்றிதழிலிருந்து கணக்கிடப்பட்ட 256 பிட் எண்தான். பிழை காட்டும் எழுத்துகளையும் சேர்த்து அது 56 எழுத்துகளாக எழுதப்படுகிறது. ஆகவே அடையாளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் ஆள்மாறாட்டத்துக்கு இடமே இல்லை. கோப்புகளை அது முழுதாகக் கையாளாமல், 128 கிலோபைட் முதல் 16 மெகாபைட் வரையிலான துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை எடுத்துவைக்கிறது. பெரிய கோப்பின் நடுவில் சிறு மாற்றம் செய்தால், கைரேகை மாறிய துண்டு மட்டுமே மறுபக்கம் போகிறது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆர்வலர்கள் நடத்தும் கிளைப்பதிப்பைத்தான் இப்போது நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து இதற்கு விலக்குக் கொடுக்காவிட்டால், திரை அணைந்த சிறிது நேரத்தில் கைபேசி இதைத் தூங்க வைத்துவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒத்திசைவு காப்புநகல் ஆகாது. கைபேசியில் இடம் போதவில்லை என்று படங்களை அழித்தால், கணினியிலும் அவை சமர்த்தாக அழிந்துபோகும். கணினிப் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதியை முதல் நாளே இயக்கிவிடுவது நல்லது.

அலுவலகத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. வீட்டில் கருவி எதுவென்று அறிந்தால் போதும். அலுவலகத்தில் கருவி யாருடையது என்பதே வழக்கு. ஊழியரின் சொந்தக் கைபேசியில் நிறுவனத்தின் மின்னஞ்சலும் வாடிக்கையாளர் விவரங்களும் இருக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போகும்போது அவற்றை அழிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அவருடைய குழந்தையின் படங்களைத் தொட உரிமை இல்லை. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 இதற்குத் தந்த தீர்வு ‘பணிக் கணக்கு’ என்னும் ஏற்பாடு. அலுவலகச் செயலிகள் ஒரு சிறு கைப்பெட்டி அடையாளத்தோடு தனியே தெரியும் கைபேசியை நீங்கள் பார்த்திருக்கலாம். அது வெறும் அடைவு இல்லை. உள்ளே பார்த்தால், ஒரே கைபேசியில் இரண்டாவதாக ஒரு பயனர் குடியிருக்கிறார். சொந்தக்காரரின் பயனர் எண் 0. பணிக் கணக்குக்குப் பொதுவாக 10. ஆண்ட்ராய்டின் லினக்ஸ் அடித்தளத்தில் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் உண்டு. பயனர் எண்ணை ஒரு லட்சத்தால் பெருக்கி அதனோடு கூட்டிவிடுவார்கள். சொந்தப் பக்கத்தில் 10123 என்ற எண்ணில் ஓடும் செயலியே பணிப் பக்கத்தில் 1010123 ஆகிவிடுகிறது. லினக்ஸைப் பொறுத்தவரை இவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க முடியாது. ஒரே செயலி, ஒரே கைபேசி, நடுவே ஒரு சுவர்.

கைபேசியே நிறுவனத்தின் சொத்து என்றால் முறை வேறு. பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஆண்ட்ராய்டு கைபேசியின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் குறியீடு படிக்கும் திரை வரும். நிறுவனம் கொடுத்த குறியீட்டைக் காட்டினால், மேலாண்மைச் செயலி இறங்கி, முழுக் கைபேசிக்கும் பொறுப்பேற்கிறது. முன்பே பயன்பாட்டில் உள்ள கைபேசியில் இது நடக்காது, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகே முடியும். யாருக்கும் தெரியாமல் அவர்கள் கைபேசியை எவரும் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை இது. ஐபோனில் மேலாண்மை சர்வர் கட்டளை பிறப்பிக்கும் விதம் எனக்குப் பிடித்த ஒன்று. ‘பூட்டு’, ‘அழி’ என்ற கட்டளை ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாகப் போவதே இல்லை. அந்த வழியாகப் போவது ஒரு மணியோசை மட்டுமே. அதைக் கேட்ட கைபேசி தானாகவே நிறுவனத்தின் சர்வரை அழைத்து, ‘எனக்கு என்ன வேலை?’ என்று கேட்டு, கட்டளையைக் குறியாக்கம் செய்த நேர்வழியில் வாங்கிக்கொள்கிறது. கைபேசி அணைந்திருந்தால் கட்டளை காத்திருக்கும்.

வேலையை விட்டுப் போகும் நாளில் அழித்தல் எப்படி நடக்கிறது? ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிக் குறியாக்கச் சாவிகள் இருப்பதால், பணிக் கணக்கை நீக்கும்போது அதன் கோப்புகளோடு அந்தச் சாவிகளும் அழிக்கப்படுகின்றன. சாவி போன பின், நினைவகச் சில்லில் எங்காவது ஒரு துணுக்கு மிஞ்சிக் கிடந்தாலும் அதை யாராலும் வாசிக்க முடியாது. கைப்பெட்டி அடையாளம் திரையிலிருந்து மறைகிறது. பக்கத்திலேயே இருந்த குழந்தையின் படம் இருந்த இடத்தில் இருக்கிறது.